கலந்துபோன புகையைப் பிரிப்பது: கார்பன் மோனாக்சைடின் ஐசோடோப்புகளை அளக்கும் முறை

என் அம்மா இன்றும் வெந்நீர் வைப்பது விறகடுப்பில்தான். விழுப்புரம் பக்கம் எங்கள் ஊரில் சீமைக்கருவேல விறகுக்குப் பஞ்சமில்லை. ஒரு மார்கழி விடியற்காலை, நூறு மில்லி கண்ணாடி சிரிஞ்சும் ஒரு முழ நீள எஃகுக் குழாயுமாக அந்த அடுப்புக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். தீ கொழுந்துவிட்டு எரியும்போது ஒரு சிரிஞ்சு. வெந்நீரை இறக்கிய பிறகு, கங்கு மட்டும் கனன்றுகொண்டிருக்கும்போது இன்னொன்று.

"அடுப்புப் புகையைப் புடிச்சிட்டுப் போய் என்னடா பண்ணப் போற?" என்றார் அம்மா.

"காத்துல எவ்வளவு அடுப்புப் புகை, எவ்வளவு வண்டிப் புகைன்னு பாக்கணும்மா."

"கலந்துபோனத எப்படிப் பிரிப்ப?"

அவருக்கு அன்று சுருக்கமாகத்தான் சொன்னேன். இந்த வேலைக்கு வர விரும்பும் மாணவர்கள் அதையே கேட்டு எழுதுவதால், கைவேலையோடு சேர்த்து முழுதாக எழுதுகிறேன். முதுகலை வேதியியலோ இயற்பியலோ படித்தவர்கள், ஒரு வாக்யூம் லைனும் (காற்றை உறிஞ்சி வெறுமையாக்கிய குழாய் அமைப்பு) மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரும் (மூலக்கூறுகளை நிறைப்படி பிரித்து அளக்கும் கருவி) உள்ள ஆய்வகத்தில் இடம் கிடைத்தால் இதைச் செய்யலாம்.

முதலில் கையில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். காற்றில் கார்பன் மோனாக்சைடு மிகக் கொஞ்சம். தென் துருவப் பக்கம் சுத்தமான காற்றில் நூறு கோடி மூலக்கூறுகளில் 50 சொச்சம் (அதாவது 50 பிபிபி). வட பாதியில் 100 முதல் 150 வரை. ஊருக்குள் நெரிசலான சாலையோரம் அது பல நூறு பிபிபிக்கு ஏறும். காற்றில் கலந்த பிறகு சராசரியாக இரண்டு மாதம் இருக்கும். அதற்குள் ஹைட்ராக்சில் என்ற துடிப்பான மூலக்கூறு அதைப் பிடித்துக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றிவிடும். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் ஒரு சிறு பங்கைத் தின்னும். மீத்தேனை அழிப்பதும் அதே ஹைட்ராக்சில்தான். மோனாக்சைடு கூடினால் ஹைட்ராக்சில் அதிலேயே செலவாகிப்போய், மீத்தேன் காற்றில் கூடுதல் நாள் தங்கிவிடும். புவி சூடாவதில் இந்த வாயுவுக்கு இப்படி ஒரு மறைமுகப் பங்கு இருக்கிறது.

இது வரும் வழிகள் நான்கு. பெட்ரோல், டீசல், நிலக்கரி எரிவது ஒன்று. விறகு, வைக்கோல், காடு எரிவது இரண்டு. காற்றிலுள்ள மீத்தேன் ஆக்ஸிஜனேற்றம் அடைவது மூன்று. மரங்கள் விடும் ஐசோப்ரீன் போன்ற ஆவிகள் அதேபோல் மாறுவது நான்காவது. கடைசி இரண்டிலும் தீயும் இல்லை, புகையும் இல்லை. செறிவு காட்டும் கருவிக்கு இந்த நான்கும் ஒன்றுதான். ஐசோடோப்புக்கு, அதாவது ஒரே தனிமத்தின் நிறை மட்டும் வேறான அணுக்களுக்கு, ஒன்றல்ல.

இரண்டு எண்கள்

கார்பனில் நூற்றுக்குச் சுமார் 1.1 பங்கு கார்பன்-13. ஆக்ஸிஜனில் சுமார் 0.2 பங்கு ஆக்ஸிஜன்-18. இந்தக் கனமான அணுக்களின் விகிதம் ஒரு தரப்பொருளை விட எவ்வளவு கூடக் குறைய இருக்கிறது என்பதை ஆயிரத்துக்கு இத்தனை என்று சொல்வோம். அதுதான் டெல்டா, அலகு பெர்மில். கீழே கார்பன் எண், ஆக்ஸிஜன் எண் என்று சொல்வதெல்லாம் இதைத்தான். கார்பனுக்குத் தரப்பொருள் தென் கரோலினாவின் பீ டீ பாறையில் கிடைத்த புதைபடிவத்தை அடியொற்றியது. ஆக்ஸிஜனுக்குக் கடல்நீர்.

ஒவ்வொரு மூலத்துக்கும் ஒரு முகவரி உண்டு. பெட்ரோலிய எரிபொருளிலிருந்து வரும் மோனாக்சைடின் கார்பன் எண் −27.5 பெர்மிலை ஒட்டி இருக்கும். விறகும் நெல் வைக்கோலும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் விழும், ஏனென்றால் பெட்ரோலியமும் ஒரு காலத்தில் உயிராக இருந்ததுதான். ஆகவே கார்பனை மட்டும் வைத்து அடுப்பையும் வண்டியையும் பிரிக்க முடியாது. ஆனால் கரும்பு, சோளம், வெப்பமண்டலப் புல்வெளி ஆகியவை வேறு வகை ஒளிச்சேர்க்கை செய்பவை. அவற்றின் உடல் −12, −13 பெர்மில். எங்கள் பக்கம் வெல்லம் காய்ச்சும் கொப்பரைக்கு அடியில் கரும்புச் சக்கைதான் எரிகிறது. அந்தப் புகை கார்பன் எண்ணிலேயே தனியாகத் தெரிந்துவிடும். மறுபக்கம் மீத்தேனிலிருந்து வருவது −52 வரை கீழே கிடக்கும். மீத்தேனே −47, ஹைட்ராக்சிலோடு வினைபுரியும்போது இன்னும் சில பெர்மில் இறங்கும்.

அடுப்பையும் வண்டியையும் பிரிப்பது ஆக்ஸிஜன். இயந்திரத்துக்குள் அதிக வெப்பத்தில் எரியும்போது ஆக்ஸிஜன் காற்றிலிருந்து வருகிறது. காற்றிலுள்ள ஆக்ஸிஜன் சுமார் +23.5 முதல் +24 பெர்மில் வரை இருப்பதால், வண்டிப் புகையும் அங்கே போய் நிற்கும். விறகில் செல்லுலோஸுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருக்கிறது, அதுவும் கலந்துவிடும். அதனால் அடுப்பு, காட்டுத்தீப் புகை +17, +18 என்று இறங்கும். கனன்று புகையும் கட்டையில் இன்னும் கீழே. மீத்தேனிலிருந்தும் மர ஆவிகளிலிருந்தும் வருவது பூஜ்யத்தை ஒட்டி இருக்கும்.

ஒரு தாளில் குறுக்கே கார்பன், நெடுக்கே ஆக்ஸிஜன் என்று கோடு போட்டு இந்த நான்கையும் புள்ளி வையுங்கள். எடுக்கும் மாதிரிக் காற்று எல்லாம் இந்தப் புள்ளிகளுக்கு நடுவே எங்கோ விழும். எந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் என்பதே விடை. இந்தத் தாளை மேசைக்கு மேலே ஒட்டிவைத்துக்கொண்டுதான் நான் வேலை பார்க்கிறேன்.

காற்றைப் பிடிப்பது

மாதிரி எடுப்பதில் செய்த தவறை எந்தக் கருவியாலும் பின்னால் சரிசெய்ய முடியாது. ஊரின் புகையை அளக்க வேண்டுமென்றால் ஊருக்குள் மட்டும் எடுத்தால் போதாது. காற்று ஊருக்குள் நுழையும் பக்கத்திலும் அதே நாளில் எடுக்க வேண்டும். அதைப் பின்புலம் என்போம். கடற்கரை ஊரானால் கடல் காற்று வீசும் நேரம் வசதி. ஆனால் காலையில் நிலத்திலிருந்து கடலுக்குப் போன அதே அழுக்குக் காற்று பிற்பகலில் திரும்பி வரலாம், அதைப் பின்புலம் என்று எண்ணிவிடக் கூடாது. காற்றின் திசை, வேகம், நேரம், பக்கத்தில் ஓடிய ஜெனரேட்டர், எதிர்க்கடை டீ அடுப்பு என எல்லாவற்றையும் அங்கேயே நோட்டில் எழுதிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு புள்ளி மட்டும் ஒதுங்கி நிற்கும்போது கைகொடுப்பது அந்த நோட்டுதான்.

காற்றை உலர்த்திவிட்டுக் கலனில் அடையுங்கள். உலர்த்த மெக்னீசியம் பெர்குளோரேட் போதும். அந்தக் குழாயின் இரு முனையையும் கண்ணாடி இழையால் அடைக்க வேண்டும், பஞ்சு வைக்கவே கூடாது. பெர்குளோரேட் கடுமையான ஆக்ஸிஜனேற்றி, பஞ்சோடு சேர்ந்தால் தீப்பிடிக்கும். கலனை அதே காற்றால் மூன்று நான்கு முறை நிரப்பிக் காலிசெய்துவிட்டுக் கடைசியாக நிரப்புங்கள்.

எந்தக் கலன்? இதில் எனக்கு ஒரு பருவம் முழுக்க வீணானது. எஃகுக் கலன்களில் எடுத்து வைத்தேன், மாஸ் ஸ்பெக் பழுதானதால் ஐந்து மாதம் கிடந்தன. திறந்து அளந்தால் செறிவு எடுத்த அன்று இருந்ததைவிட ஏறியிருந்தது. எஃகுச் சுவரிலும் ரப்பர் வளையத்திலும் மோனாக்சைடு மெல்ல மெல்லப் பிறக்கும். அதற்கு அதன் சொந்த ஐசோடோப்பு எண் இருப்பதால் கணக்கு இரண்டு பக்கமும் கெடும். கண்ணாடிக் குடுவையானாலும் வெளிச்சம் படாமல் மூடி வையுங்கள். எந்தக் கலனானாலும், தெரிந்த காற்றை நிரப்பி, ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம் என்று வைத்துப் பார்த்து, எவ்வளவு நாள் தாங்கும் என்று தெரிந்துகொண்ட பிறகே வெளியே எடுத்துப் போங்கள். அவசரத்தில் யாரும் செய்ய விரும்பாத சோதனை இது. தயவுசெய்து செய்யுங்கள்.

ஆய்வகத்தில்: நாலாயிரத்தில் ஒன்றைத் தேடுவது

மோனாக்சைடை அப்படியே மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் விட முடியாது. அதன் நிறை 28, நைட்ரஜனும் 28. காற்றில் முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜன். அதனால் மோனாக்சைடைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றி, நிறை 44, 45, 46 என்று அளக்கிறோம். ஆனால் காற்றில் ஏற்கெனவே 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420) கார்பன் டை ஆக்சைடு இருக்கிறதே! நூறு மில்லி காற்றை எடுத்துக்கொண்டால் அதில் கார்பன் டை ஆக்சைடு 42 மைக்ரோலிட்டர். 100 பிபிபி மோனாக்சைடு என்பது வெறும் 10 நானோலிட்டர். முதலில் அந்த நாலாயிரம் மடங்கை ஒரு துளி விடாமல் நீக்க வேண்டும். ஒரு பிபிபி தங்கினாலும் உங்கள் மாதிரியில் நூற்றில் ஒரு பங்கு அதுதான்.

அதற்கு இரண்டு கட்டம். முதலில் சோடியம் ஹைட்ராக்சைடு பூசிய மணிகள் நிறைந்த குழாய் (அஸ்கரைட் என்ற பெயரில் கிடைக்கும்), அதோடு பெர்குளோரேட். அடுத்தது திரவ நைட்ரஜனில் அமிழ்த்திய டிராப், அதாவது குளிரில் வாயுக்களை உறையவைத்துப் பிடிக்கும் வளைகுழாய். மிச்சமிருக்கும் கார்பன் டை ஆக்சைடு, நைட்ரஸ் ஆக்சைடு, நீர் எல்லாம் அதில் உறைந்து நிற்கும், மோனாக்சைடு கடந்து போகும். நைட்ரஸ் ஆக்சைடு தப்பிவிடக் கூடாது, அதன் நிறையும் 44.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். திரவ நைட்ரஜன் −196 டிகிரி. சாதாரண அழுத்தத்தில் காற்று −191-இலேயே திரவமாகத் தொடங்கும். அதாவது டிராப்பில் அழுத்தம் ஏறினால் காற்றே உள்ளே திரவமாகத் தேங்கும், அதிலும் ஆக்ஸிஜன் அதிகமாக. நான் பயிற்சியில் இருந்தபோது ஒரு நாள் ஊசி வால்வைக் கூடுதலாகத் திறந்துவிட்டுக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். திரவ நைட்ரஜன் இருக்கும் ட்யூவர் குடுவையைச் சற்றே இறக்கிப் பார்த்தபோது கண்ணாடி வளைவின் அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு வெளிர் நீலத்தில் ஒரு திரவம். அவ்வளவு அழகான நீலம். திரவ ஆக்ஸிஜன். வால்வுகளை மூடிவிட்டு ட்யூவரை எடுத்திருந்தால், அது ஆவியாகி எண்ணூறு மடங்குக்கு மேல் விரிந்து, கண்ணாடி வெடித்திருக்கும். கிரீஸ் பட்டிருந்தால் இன்னும் மோசம். என்னோடு இருந்த மூத்த டெக்னீஷியன் குரலை உயர்த்தவே இல்லை. ட்யூவரை மறுபடி மேலே ஏற்றினார், வெளியேறும் வழியைத் திறந்து வைத்தார், எங்கள் எல்லோரையும் அறையை விட்டு அனுப்பினார். நைட்ரஜன் தானாகத் தீர்ந்து திரவம் மெல்ல ஆவியாகும் வரை யாரும் உள்ளே போகவில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள். அதைவிட, டிராப்புக்குப் பின்னால் பம்பு வைத்து அழுத்தத்தை எப்போதும் வளிமண்டலத்துக்குக் கீழே வைத்திருங்கள். அழுத்தமானியைப் பார்க்காமல் நாற்காலியை விட்டு எழ வேண்டாம்.

சரி, இப்போது காற்றில் கார்பன் டை ஆக்சைடு இல்லை. அடுத்தது ஷூட்ஸே ரீஏஜென்ட். கந்தக அமிலம் ஊறிய சிலிகா மணிகளின் மேல் ஐயோடின் பென்டாக்சைடு பூசியது. இதன் அருமை என்னவென்றால், சாதாரண அறை வெப்பத்திலேயே மோனாக்சைடைக் கார்பன் டை ஆக்சைடாக்கும், மீத்தேனைத் தொடாது. மீத்தேன் காற்றில் மோனாக்சைடைவிடப் பல மடங்கு அதிகம் இருப்பதால் இது பெரிய விஷயம். புதிய ரீஏஜென்ட் வெளிறிய மஞ்சளாக இருக்கும். வேலை செய்யச் செய்ய அயோடின் வெளிவந்து, காற்று நுழையும் முனையிலிருந்து பழுப்பு ஏறிக்கொண்டே வரும். அந்தப் பழுப்பு பாதிக் குழாயைத் தாண்டினால் நான் மாற்றிவிடுவேன். ஈரம் இதற்கு எமன். ஐப்பசி மழையில் ஏசி நின்றுபோன ஓர் இரவில் எங்கள் குழாய் ஒன்று முழுக்கக் கெட்டுப்போனது. மறுநாள் தரவாயுவை (அளவு முன்பே தெரிந்த மோனாக்சைடு) விட்டுப் பார்த்தபோது பாதிகூட மாறவில்லை. சென்னை போன்ற ஊரில் ரீஏஜென்ட் தயாரிப்பதைக் கோடையில் ஏசி ஓடும் அறையில், உலர் நைட்ரஜன் நிரப்பிய கையுறைப் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிவரும் அயோடினை உலர் பனிக்கட்டி டிராப் ஒன்றில் நிறுத்திவிட்டு, உருவான கார்பன் டை ஆக்சைடைத் திரவ நைட்ரஜனில் சேகரித்து, சிறு ஜிசி குழாய் (வாயுக்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் கேஸ் குரோமடோகிராபி) வழியாக மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு அனுப்புகிறோம். கார்ல் பிரெனிங்க்மையர் நியூசிலாந்து, அண்டார்டிகா காற்றுக்காக 1993-இல் வெளியிட்ட முறைக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் காற்று வேண்டும். அவர் கார்பன்-14-ஐயும் சேர்த்து அளந்தார். உட்ரெக்ட் பல்கலைக்கழகக் குழு 2015-இல் விவரித்த தொடர்-ஓட்ட முறையில் மில்லிலிட்டர் கணக்கில் காற்று போதும், ஒரு அளவீடு அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். புதிதாகத் தொடங்குபவர்கள் இரண்டாவது வழியில் போங்கள்.

ஆக்ஸிஜன் எண்ணில் ஒரு சிக்கல். உருவான கார்பன் டை ஆக்சைடின் இரண்டு ஆக்ஸிஜனில் ஒன்றுதான் மோனாக்சைடுடையது, மற்றது ரீஏஜென்ட் கொடுத்தது. ஆகவே அளந்த எண்ணை இரண்டால் பெருக்கி, ரீஏஜென்டின் எண்ணைக் கழிக்க வேண்டும். அளவீட்டில் 0.1 பெர்மில் பிழை விடையில் 0.2 ஆகும். ரீஏஜென்டின் எண் ஒவ்வொரு தயாரிப்புக்கும் மாறும் என்பதால், புதுக் குழாய் மாட்டும்போதெல்லாம் எண் தெரிந்த மோனாக்சைடு தரவாயுவை ஓட்டிக் கண்டுபிடியுங்கள். ஒவ்வொரு நாள் தொடக்கத்திலும் மோனாக்சைடு இல்லாத காற்றை விட்டு வெற்றளவு பாருங்கள். தரவாயு சிலிண்டர் இருக்கும் அறையில் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். நிறமும் மணமும் இல்லாத விஷம் அது.

இன்னொன்று. ஹைட்ராக்சிலோடு வினைபுரிந்து மிஞ்சும் மோனாக்சைடில் ஆக்ஸிஜன்-17 வழக்கமான விகிதத்தைவிடக் கூடுதலாக இருக்கும் என்பது 1998-இல் தெரியவந்தது. நிறை 45-இல் அதுவும் சேர்வதால், சாதாரணச் சூத்திரத்தில் போட்டால் கார்பன் எண் பெர்மிலில் சில பத்தில் ஒரு பங்கு தள்ளிப்போகும். மென்பொருளில் அந்தத் திருத்தம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கணக்கு

அம்மாவின் கேள்விக்குப் பதில் இங்கேதான் வருகிறது. கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். பின்புலக் காற்றில் 120 பிபிபி, ஆக்ஸிஜன் எண் +6. ஊருக்குள் 360 பிபிபி, ஆக்ஸிஜன் எண் +15. ஊர் சேர்த்தது 240 பிபிபி. 360-ஐ 15-ஆல் பெருக்கினால் 5400. 120-ஐ 6-ஆல் பெருக்கினால் 720. கழித்து 240-ஆல் வகுத்தால் 19.5. ஊரின் புகைக்கு எண் +19.5. வண்டி 23.5, அடுப்பு 17 என்று எடுத்துக்கொண்டால், 19.5 என்பது அடுப்பிலிருந்து 2.5 தூரம், மொத்தத் தூரம் 6.5. வண்டியின் பங்கு நூற்றுக்கு 38 சொச்சம், மீதி அடுப்பு.

ஒரே ஒரு ஜோடி மாதிரியை நம்பாதீர்கள். பத்துப் பதினைந்து மாதிரி எடுத்து, குறுக்கே செறிவின் தலைகீழ், நெடுக்கே டெல்டா என்று குறித்துக் கோடு போட்டால், அந்தக் கோடு நெடுக்கு அச்சை வெட்டும் இடம்தான் மூலத்தின் எண். சார்ல்ஸ் கீலிங் 1958-இல் கார்பன் டை ஆக்சைடுக்குச் செய்தது, அவர் பெயராலேயே அழைக்கிறோம். விடியல், நெரிசல் நேரம், நடுப்பகல் என்று செறிவு நன்றாக விரிந்திருந்தால்தான் கோடு ஆடாமல் நிற்கும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. மேலே போட்ட கணக்கில் அளவீட்டுப் பிழை 0.5 பெர்மில் என்றால் பங்கில் நூற்றுக்கு 11, 12 மாறும், அது பரவாயில்லை. ஆனால் வண்டி 23.5 என்று நான் எங்கிருந்து எடுத்தேன்? புத்தகத்திலிருந்து. சுவிட்சர்லாந்தின் இஸ்லிஸ்பெர்க் சுரங்கச் சாலையில் 2011-இல் அளந்தபோது வண்டிகளின் எண் 24-ஐ ஒட்டித்தான் வந்தது, புத்தகத்தோடு ஒத்துப்போகிறது. ஆனால் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் குளிர்காலக் காற்றை அளந்து 2017-இல் வெளியிட்டார்கள். அங்கே ஊரின் மோனாக்சைடு பெரும்பாலும் வண்டிகளுடையதுதான் என்று முடிவு வந்தது, ஆனால் ஆக்ஸிஜன் எண் +17.7. பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போட்டிருந்தால் அந்த ஊர் முழுக்க விறகு எரிக்கிறது என்று விடை வந்திருக்கும்! வண்டியின் வயது, வினையூக்கியின் நிலை, இயந்திரம் சூடாகிவிட்டதா என்பதையெல்லாம் பொறுத்து எண் நகரும். டீசல் வண்டிக்கும் பெட்ரோல் வண்டிக்கும் ஒரே எண் இல்லை.

அதனால்தான் அம்மாவின் அடுப்பு முன்னால் உட்கார்ந்தேன். உங்கள் ஊரின் புகையை நீங்களே பிடியுங்கள். அடுப்பு, வெல்லக் கொப்பரை, வைக்கோல் போர், ஆட்டோ, டவுன் பஸ், செங்கல் சூளை, எது உங்கள் ஊரில் இருக்கிறதோ அதை. முறை எளிது. புகையில் மோனாக்சைடு ஆயிரம் பிபிஎம் அளவில்கூட இருக்கும், நேராக லைனில் விட்டால் பல நாளுக்கு அதன் மிச்சம் போகாது. மோனாக்சைடு நீக்கிய காற்று நிரப்பிய இரண்டு லிட்டர் கலனில் ஒரு மில்லி புகையைச் செலுத்துங்கள், 500 பிபிபி ஆகிவிடும். தீ எந்த நிலையில் இருந்தது என்று ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். என் இரண்டு சிரிஞ்சுகளுக்கும் ஆக்ஸிஜன் எண் ஒன்றல்ல. கங்கிலிருந்து எடுத்தது, கொழுந்திலிருந்து எடுத்ததைவிடப் பல பெர்மில் கீழே இருந்தது. ஒரே விறகு, ஒரே அடுப்பு, அரை மணி நேர இடைவெளி. மோனாக்சைடு அதிகம் வருவது கனலும்போதுதான் என்பதால், அடுப்புக்கு ஒரே எண் எடுக்க வேண்டுமானால் இரண்டையும் சும்மா சராசரி போடாமல், வெளிவரும் அளவுக்கு ஏற்ப எடை கொடுத்துச் சேர்க்க வேண்டும்.

தொலைவிலிருந்து வந்த காற்று

ஊருக்குள் எடுத்தது சில மணி நேரப் புகை. தீவிலோ மலையிலோ எடுத்தால் அது பல நாள், பல வாரம் பழைய காற்று. வழியில் ஹைட்ராக்சில் வேலை செய்திருக்கும். ஆக்ஸிஜன்-18 உள்ள மூலக்கூறு சற்று வேகமாக அழியும், சுமார் 10 பெர்மில் வித்தியாசம். பாதி அழிந்த நேரத்தில் மிச்சத்தின் ஆக்ஸிஜன் எண் 7 பெர்மில் இறங்கிவிடும். 17-இல் கிளம்பிய காட்டுத்தீப் புகை 10-இல் வந்து நிற்கும், அதைப் பார்த்து மர ஆவி என்று எண்ணிவிடலாம். தரையை ஒட்டிய அழுத்தத்தில் கார்பன் எண் எதிர்ப்பக்கமாகச் சில பெர்மில் ஏறும். உயரத்தில் இது மாறும். ஆகவே தொலைதூரக் காற்றுக்குக் கோடு மட்டும் போட்டால் போதாது. காற்று எந்த வழியாக எத்தனை நாளில் வந்தது என்ற பின்னோக்கிய பாதையையும் ஹைட்ராக்சிலின் அளவையும் சேர்த்துக் கணினி மாடலில் விட வேண்டும். மாலத்தீவின் ஹனிமாதூ நிலையத்தில், குளிர்காலத்தில் நம் துணைக்கண்டத்திலிருந்து கடல் தாண்டிப் போகும் காற்றை இரண்டு ஐசோடோப்புகளையும் வைத்து ஆராய்ந்து 2022-இல் வெளியிட்டார்கள். நேரடியாக எரிவதிலிருந்து வரும் பங்கு உலகச் சராசரியைவிட அதிகம் என்று தெரிந்தது. நம் அடுப்பும் வயலும் வண்டியும் சேர்ந்த புகை அது. நம் பக்கத்தில் அளப்பவர்கள் இன்னும் நிறையப் பேர் வேண்டும் என்று நான் ஆசைப்படுவது அதனால்தான்.

இதே கணக்கைப் பழைய காற்றுக்கும் போடலாம். அண்டார்டிகாப் பனிக்கட்டியில் அடைபட்ட குமிழிகளில் மோனாக்சைடையும் அதன் ஐசோடோப்புகளையும் அளந்து, 2010-இல் ஒரு குழு தென் பாதியின் 650 ஆண்டுத் தீயைக் கணித்தது. 1300-களின் நடுவிலிருந்து 1600-கள் வரை செறிவு கால் பங்கு குறைந்து, 1800-களின் கடைசியில் மறுபடி ஏறியிருக்கிறது. ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் காடும் புல்லும் எரிந்தது என்று ஐசோடோப்பு காட்டியது.

முதல் தொகுதி மாதிரிகளை அளந்து முடித்ததும் கலன்களைக் காலிசெய்துவிடாதீர்கள். ஒவ்வொன்றிலும் பாதிக் காற்றையாவது மிச்சம் வையுங்கள். கடைசி மாதிரி முடிந்த மறுநாள், முதலில் அளந்த கலனை மறுபடி மாட்டி ஓட்டுங்கள். இரண்டு எண்ணும் 0.2 பெர்மிலுக்குள் ஒத்துப்போனால் கணக்கைத் தொடங்கலாம். ஒத்துப்போகாவிட்டால் குழாயின் பழுப்பு எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று முதலில் போய்ப் பாருங்கள்.